ஓடும்போது வயிறு மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலில் ஞாயிறு விடியற்காலை கூடுகிற எங்கள் ஓட்டக் கூட்டத்தில் முழங்கால் வலியைப் பற்றி எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள். வயிற்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை, ஓரம் கட்டித்தான் கேட்பார்கள். போன மாதம் அரை மராத்தானுக்குப் பழகும் ஒரு தம்பி அப்படித்தான் வந்தார். "அண்ணே, பன்னிரண்டாவது கிலோமீட்டர் வந்தாலே வயித்தைக் கலக்குது. எனக்கு ஏதாச்சும் பெரிய வியாதியா இருக்குமா?" முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பருப்புக் குழம்போட ரொட்டி சானாய் மூணு அண்ணே. காலையில கிளம்பும்போது பால் ஊத்தி ஒரு கோப்பி." வியாதி என்று பயப்படுவதற்கு முன்னால் பார்க்கவேண்டிய இடங்கள் நாலைந்து இருக்கின்றன. அன்றைக்கு அவரிடம் நின்றுகொண்டே சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதை யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு ஓட்டத்தையே விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உங்களுக்கு எந்தத் தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

முதலில்: இவை இருந்தால் மேலே படிக்கவேண்டாம், டாக்டரிடம் போங்கள்

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, மலத்தில் ரத்தம், வாந்தியில் ரத்தம் அல்லது கோப்பித் தூள் மாதிரி ஏதாவது. ஓடாத நாளிலும் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுவலி. காரணமில்லாமல் எடை குறைவது. நெஞ்சில் அழுத்தம் வந்து அது தோள், தாடை, இடது கை என்று பரவி, கூடவே குளிர்ந்த வியர்வை கொட்டுவது. கடைசியாகச் சொன்னது வந்தால் அப்போதே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் "காத்து பிடிச்சிருக்கு" என்று சொல்லி எண்ணெய் தேய்த்துப் படுத்துக்கொள்கிறோம். தெற்காசிய வம்சாவளியினருக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். நாற்பதைத் தாண்டியவர்கள் "காத்து" என்ற வார்த்தையைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்.

வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குடல், கல்லீரல் பக்கம் போகிறது. ஓட ஆரம்பித்தால் கால் தசைக்கு ரத்தம் வேண்டும், நம் ஊர் வெக்கையில் உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் வேண்டும், அதனால் குடலுக்குப் போவதை உடம்பு சுருக்கிவிடுகிறது. கடுமையான ஓட்டத்தில் குடலுக்கான ரத்த ஓட்டம் 80 விழுக்காடு வரை குறையலாம். ரத்தம் குறைந்தால் குடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள் மூச்சுத் திணறுகின்றன, அவற்றுக்கு இடையிலான இணைப்பு தளர்கிறது, உடம்பின் உள் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டினால் இன்னும் தளர்கிறது, குடலுக்குள் அடைந்துகிடக்கவேண்டிய நுண்ணுயிர்க் கழிவுகள் ரத்தத்தில் கசிகின்றன. குமட்டலுக்கும் கலக்கத்துக்கும் பெரும்பாலும் இதுதான் அடிப்படை.

இது ஒரு பாதி. மறு பாதி ஹார்மோன். 1902ஆம் ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் முதன்முதலாக அடையாளம் கண்ட செக்ரெட்டின் குடலில் சுரப்பது. ஹார்மோன் என்ற சொல்லே அதற்குப் பிறகுதான் வந்தது. இன்றைக்கு நமக்கு முக்கியமானவை மூன்று. இரைப்பையிலிருந்து வந்து பசியைத் தூண்டும் கிரெலின். குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்து "போதும்" என்று சொல்லும் பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1. இந்தப் பின்னிரண்டும் பசியை அடக்குவதோடு நிற்பதில்லை, இரைப்பை காலியாகும் வேகத்துக்கும் பிரேக் போடுகின்றன. வேகமாக ஓடும்போது கிரெலினின் செயல்படும் வடிவம் இறங்குகிறது, மற்ற இரண்டும் ஏறுகின்றன. அதாவது நீங்கள் தள்ளாடும் நேரத்தில் ஜெல்லை, ஓட்டக்காரர்கள் தெம்புக்கு உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்ப் பாக்கெட்டை, கையில் எடுக்கிறீர்கள், வயிறு கதவை மூடிக்கொண்டிருக்கிறது.

ஓடும் நடுவில் கழிவறை அவசரம், வயிற்றைக் கலக்குவது

எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள், எங்கே வலிக்கிறது என்பது அப்புறம். முதல் இருபது நிமிடத்துக்குள் வந்தால் காலையில் குடித்ததும் சாப்பிட்டதும்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றில் எதையாவது போட்டால் பெருங்குடல் அசைய ஆரம்பிப்பது இயற்கை. கோப்பி அதை இன்னும் உசுப்பிவிடும், சிலருக்குச் சில நிமிடங்களிலேயே. ஆகவே கோப்பி வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்து, வீட்டிலேயே வேலையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பால் ஊற்றியதை நிறுத்திப் பாருங்கள். ஆசியர்களில் நிறையப் பேருக்கு வளர்ந்த பிறகு பால்சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை; சாதாரண நாளில் லேசான உப்புசத்தோடு போய்விடுவது, ரத்தம் குறைந்த குடலில் பேதியாக மாறும்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் முந்தின நாளைத் தோண்டுங்கள். பருப்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், வெங்காயம், பூண்டு இவற்றில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைகளைச் சிறுகுடல் உறிஞ்சுவதில்லை, பெருங்குடல் வரை போய் அங்கே நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும், கூடவே தண்ணீரையும் உள்ளே இழுக்கும். அந்தத் தம்பியின் மூன்று ரொட்டி சானாயில் எனக்குச் சந்தேகம் பருப்புக் குழம்பின் மேல்தான் இருந்தது. நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பருப்பு, கீரை, நார்ச்சத்து எல்லாவற்றையும் குறையுங்கள் என்றேன். ஆரோக்கியத்துக்கு நல்லது என்று நாம் வருஷம் முழுக்க சாப்பிடுவதுதான், அந்த ஒரு நாள் மட்டும் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, கஞ்சி, முட்டை, கொஞ்சம் மீன் போதும். இரண்டு ஞாயிறு அப்படி இருந்தார். மூன்றாவது ஞாயிறு பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஓட்டத்தின் நடுவில் வந்துவிட்டால் என்ன செய்வது? நின்று நடங்கள். ஐந்து நிமிட நடையில் குடலுக்கு ரத்தம் திரும்ப ஆரம்பிக்கும், பெரும்பாலும் அலை அடங்கிவிடும். இறுக்கமான இடுப்புப் பட்டையைத் தளர்த்துங்கள். ஜெல்லையும் இனிப்புப் பானத்தையும் சேர்த்துக் குடித்தீர்களா என்று யோசியுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடலுக்குள் சர்க்கரை கெட்டியாகி, ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும், அதுவே பேதியாகும். ஜெல்லுக்குப் பச்சைத்தண்ணீர் மட்டும்தான்.

பாலத்தில் ஓடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று

பினாங்குப் பால மராத்தான் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். இதை வயிற்றின் பக்கமிருந்து யாரும் யோசிப்பதில்லை. பெருங்குடல் இரவில் தூங்குகிறது, நாம் எழுந்ததும்தான் அதுவும் எழுகிறது. பகலில் ஓடும் போட்டிக்குக் காலைக்கடனை முடித்துவிட்டுப் போகிறோம். இதற்கோ முடிக்காமலே கிளம்பி, விடியும் நேரத்தில் முப்பதாவது கிலோமீட்டரில், குடல் தன் வழக்கமான நேரத்துக்கு விழித்துக்கொள்கிறது. 1985இல் திறந்த அந்தப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரில் எட்டுக்கு மேல் கடல்மேல்தான். நடுவில் நின்றால் இரு பக்கமும் இருட்டுத் தண்ணீர், தூரத்தில் பட்டர்வொர்த் விளக்குகள், ஒதுங்க இடமில்லை.

இன்னொரு சிக்கல், இரவுச் சாப்பாடே போட்டிக்கு முந்தின சாப்பாடாகிவிடுவது. முதல் தடவை நான் ராத்திரி எட்டரைக்கு நாசி கண்டார் சாப்பிட்டேன், குழம்பு வழிய வழிய, பொரித்த கோழியோடு. சத்து வேண்டுமே என்று நினைத்தேன். எண்ணெயும் கொழுப்பும் உள்ளே போனால் சிறுகுடல் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விட்டு இரைப்பையின் வாயிலை இறுக்கிவிடும், அந்தச் சாப்பாடு நாலைந்து மணி நேரம் ஆனாலும் முழுக்க இறங்காது. அதற்குள் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன், குடலுக்கு வரவேண்டிய ரத்தமும் காலுக்குப் போய்விட்டது. பதினேழாவது கிலோமீட்டரில் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன், பொரித்த வெங்காயத்தின் வாசம் அப்படியே மேலே வந்தது, சாப்பிட்டு ஏழு மணி நேரம் இருக்கும். பக்கத்தில் ஓடிவந்த ஒரு சீன அங்கிள் நின்று முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது பெரிய சாப்பாட்டை மத்தியானம் ஒரு மணிக்கே முடித்துவிடுகிறேன். மாலை ஆறு மணிக்கு இட்லி நாலு அல்லது சோறும் ஆவியில் வேகவைத்த மீனும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், ரொட்டித் துண்டில் கொஞ்சம் காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்). மத்தியானம் தூங்கி எழுந்து, சாயங்காலம் ஒரு கோப்பி குடித்து, கழிவறையில் ஒருமுறை உட்கார்ந்து பழக்குவதை ஒரு வாரம் முன்பிருந்தே செய்கிறேன். குடலுக்குப் புது நேரம் பிடிபடச் சில நாள் வேண்டும்.

குமட்டல், வயிற்றில் தண்ணீர் குலுங்குவது

இது எதிரெதிரான இரண்டு காரணங்களால் வரும், மருந்தும் எதிரெதிர். அதனால் ஊகம் வேண்டாம், தராசில் ஏறுங்கள். பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையோடு எடை பாருங்கள்.

எடை 2 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால், அதாவது 60 கிலோ ஆள் 1.2 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால், தண்ணீர் பற்றவில்லை. உடம்பில் நீர் குறையும்போது இரைப்பை மெதுவாகிறது, மெதுவான பிறகு குடித்தது அங்கேயே தேங்கிக் குலுங்குகிறது, குலுங்குகிறதே என்று குடிப்பதை நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது. தாகம் பெரிதாக வரும் முன்பே, கால் மணிக்கொரு தடவை சில மிடறுகளாக ஆரம்பத்திலிருந்தே குடியுங்கள். நம் ஊரில் காலை ஆறு மணிக்கே காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காடு இருக்கும், வியர்வை காயாமல் சொட்டும், உடம்பு குளிராது. வேகத்தைக் குறைப்பதும் ஒரு மருந்துதான். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய அட்டவணையில் இருக்கும் வேகத்தை ஜெலுத்தோங் கடற்கரைச் சாலையில் பிடிக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

எடை ஏறியிருந்தால் கவனம். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருக்கலாம். குமட்டலோடு தலைவலி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, பேச்சில் குழப்பம் இருந்தால் உடனே தண்ணீரை நிறுத்தி மருத்துவக் கூடாரத்துக்குப் போகவேண்டும், இது உயிரைப் பறிக்கக்கூடியது. 2002 பாஸ்டன் மராத்தானில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதில் மாட்டிக்கொள்வது மெதுவாக ஓடி ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நிற்கிறவர்கள்தான். நம் அக்காமார்களில் நிறையப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எடை சரியாக இருந்தும் குமட்டினால் சர்க்கரைக் கணக்கைப் பாருங்கள். குடலில் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் வாயில் மணிக்குச் சுமார் 60 கிராமோடு நிரம்பிவிடும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குத் தனி வாயில் இருக்கிறது, அதனால் இரண்டையும் கலந்து எடுத்தால் 90 கிராம் வரை உறிஞ்சமுடியும். குளுக்கோஸ் மட்டும் உள்ள ஜெல்லை மணிக்கு மூன்று நான்கு என்று தள்ளினால் மிச்சம் எங்கே போகும்? குடலிலேயே கிடக்கும். சாதாரணச் சர்க்கரையும் வெல்லமும் பாதிக்குப் பாதி இரண்டும் சேர்ந்தவை, எனக்கு வெல்லத்தண்ணீர் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. கேஸ் உள்ள பானமாக இருந்தால் போத்தலைத் திறந்து முந்தின ராத்திரியே குலுக்கிக் காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

வலிக்கு முன்னெச்சரிக்கையாக இபுபுரோபன் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஓட்டமே குடல் சுவரைச் சிராய்க்கிறது, இந்த மாத்திரை அந்தச் சிராய்ப்பைக் கூட்டுவது ஆய்வில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை.

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம்

உணவுக்குழாயின் அடிவாயில் ஓட்டத்தில் தளர்கிறது, குலுங்கலில் அமிலம் மேலே வருகிறது. காரம், எண்ணெய், கோப்பி, சாக்லேட் இவற்றை மூன்று மணி நேரம் தள்ளிவையுங்கள். தண்ணீர்மலைக் கோயில் படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, 513 படியிலும் முன்னால் குனிந்து வயிற்றை மடக்கிக்கொண்டே ஏறினால் இது கூடும். நிமிர்ந்து ஏறுங்கள்.

விலாவில் குத்தல்

வயிற்றறையின் உள்பக்கச் சவ்வு உரசுவதால் வருவதாக இருக்கலாம். வயிறு முட்டக் குடித்துவிட்டு ஓடினால், அதிலும் இனிப்பான பானம் என்றால், அடிக்கடி வரும். வேகத்தைக் குறைத்து, குத்தும் இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு, மூச்சை நீளமாக விடுங்கள். போய்விடும்.

ஓடி முடித்தபின் பசியே இல்லை, சாயங்காலம் கண்மண் தெரியாத பசி

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா பதினாறு கிலோமீட்டர் ஓடிவிட்டு எல்லாரோடும் பசியாற உட்காருவார். எதிரே தோசை ஆறிக்கொண்டிருக்கும், அவர் பாலில்லாத தேநீரான தே ஓ மட்டும் குடிப்பார். "பார்த்தாலே ஒரு மாதிரியா இருக்கு தம்பி." அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துத் தின்று, நாள் முழுக்கப் பட்டினி கிடந்த புண்ணியம் போச்சே என்று மனசு நொந்துகொள்வார். அவருக்கு மனக்கட்டுப்பாடு குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மேலே சொன்ன மூன்று ஹார்மோன்களும் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், பசியை மூடிவைக்கின்றன. கிரெலினை 1999இல் கண்டுபிடித்தவர்கள் கோஜிமா, கங்காவா என்ற ஜப்பானியர்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவானது. 2022இல் லாக்-ஃபீ என்று இன்னொன்றும் சேர்ந்தது. கடும் உழைப்பில் லாக்டேட்டும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலமும் இணைந்து உண்டாகும் அது எலிகளில் உணவு உட்கொள்வதைக் குறைத்தது. நடைப்பயிற்சியில் இந்த அடக்கம் பெரிதாக வராது, வேகம் கூடக் கூடத்தான் வரும். வெக்கையும் பசியை மந்தமாக்கும்.

பசி மூடியிருப்பதை உடம்புக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே பிழை. தசைகள் காலியாக நிற்கின்றன, அவற்றை நிரப்ப நல்ல நேரம் அதுதான். மெல்ல முடியாவிட்டால் குடியுங்கள்: சோயா பால், மைலோ, உப்புப் போட்ட மோர், அரிசிக் கஞ்சி. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 கிராம் மாவுச்சத்தும் கூடவே 20 கிராம் அளவுக்குப் புரதமும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் போனால் போதும். அந்த அக்கா இப்போது காரிலேயே ஒரு போத்தல் சோயா பாலும் இரண்டு அவித்த முட்டையும் வைத்திருக்கிறார், செருப்பு மாற்றிக்கொண்டே குடிக்கிறார். சாயங்காலப் பசி அடங்கிவிட்டது என்றார். எடையும் ஏறவில்லை.

சர்க்கரை நோய் மாத்திரை, ஊசி எடுப்பவர்கள்

மெட்ஃபார்மின் சாதாரண நாளிலேயே சிலருக்கு வயிற்றைக் கலக்கும், ஓட்டத்தோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். வாரம் ஒருமுறை போடும் ஜி.எல்.பி.-1 வகை ஊசி இப்போது நிறையப் பேர் எடுக்கிறார்கள். அது இரைப்பையைத் தாமதப்படுத்துகிற மருந்து, ஆகவே முன்பு ஒத்துக்கொண்ட அதே இட்லி இப்போது இரண்டு மணி நேரம் கழித்தும் வயிற்றில் இருக்கலாம். இடைவெளியைக் கூட்டி, அளவைக் குறையுங்கள்.

இன்சுலின் அல்லது கிளிக்லசைட் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓட்டம் முடிந்து பல மணி நேரம் கழித்து, ராத்திரித் தூக்கத்தில்கூட, சர்க்கரை இறங்கலாம். பசி மூடியிருப்பதால் எச்சரிக்கையும் கேட்காது. பசியை நம்பாமல் கருவியை நம்புங்கள், படுக்கும் முன் ஒருமுறை விரலைக் குத்திப் பாருங்கள்.

எல்லாம் சரிபார்த்தும் ஜெல் மட்டும் இறங்கவில்லை என்றால்

குடலைப் பழக்கவேண்டும், காலைப் பழக்கியது போலவே. சர்க்கரையை உள்ளே எடுக்கும் வாயில்கள் தொடர்ந்து வேலை கொடுத்தால் பெருகும், இரண்டு வாரப் பயிற்சியிலேயே அறிகுறிகள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் வாரம் நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 கிராம், அதாவது ஒரு பெரிய வாழைப்பழம் அளவு. ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் 45, அப்புறம் 60. ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பானம், ஜெல், சாப்பாடு மூன்றையும் ஒரே ஞாயிறு மாற்றினால் எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. வேகத்தையும் போட்டி வேகத்துக்கே ஏற்றிப் பாருங்கள், ஏனென்றால் மெதுவாக ஓடும்போது இறங்குகிற ஜெல் வேகத்தில் இறங்காது.

அந்தத் தம்பி இப்போது பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். இடது பக்கம் சாப்பிட்டது, குடித்தது, நேரம். வலது பக்கம் எந்தக் கிலோமீட்டரில் என்ன வந்தது. போன ஞாயிறு எழுதியதைக் காட்டினார்: "ஆறு மணி இட்லி மூணு, கோப்பி இல்ல, 45 கிராம். 14இல் லேசா. ரெண்டு நிமிஷம் நடந்தேன், போயிருச்சு. 20 வரைக்கும் ஒண்ணுமில்ல." அடுத்த ஞாயிறு கோப்பியைத் திரும்பச் சேர்த்துப் பார்க்கப்போகிறார், பால் இல்லாமல், ஒரு மணி நேரம் முன்னதாக.